நமது கடலை உலகம் படித்தது. அந்த ஆய்வுகள் கரைக்குத் திரும்பினவா?

வெள்ளவத்தையில் மீன் வாங்கும்போது விலைக்கு அடுத்ததாக நாம் கேட்பது "எந்த ஊர் மீன்?" என்பதைத்தான். யாழ்ப்பாணத்து விளைமீன், மன்னார் நண்டு என்று கடைக்காரர் சொன்னால் பேரம் பேசும் குரல் சற்றுத் தணியும். கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்களுக்கு முகத்துவாரமும் நீர்கொழும்பும் கிட்ட இருப்பதால் அங்கே கேள்வி "இன்றைய மீனா?" என்று மாறும். அந்த மீனை அன்று பிடிக்க யாருக்கு உரிமை இருந்தது, எந்த வலையால், யார் வகுத்த விதிப்படி என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் உலகின் பல பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகின்றன. கடல்வளத்தை அரசு தனித்தோ, சந்தை தனித்தோ காப்பாற்ற முடியாது. அதைப் பயன்படுத்தும் கடற்றொழிலாளரும் அரசும் அதிகாரத்தைப் பகிர்ந்து நிர்வகிக்க வேண்டும் என்ற கருத்து கூட்டு முகாமைத்துவம் என்ற பெயரில் ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் துறையின் அடிப்படை நூல்களிலும் கட்டுரைகளிலும் இலங்கையின் கரைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தென்கரையின் ஒரு சிங்களக் கிராமம், நீர்கொழும்புக் களப்பு, பாக்குநீரிணை ஆகிய மூன்றும் முக்கியமானவை. இந்த மூன்றிலிருந்தும் அறிவுலகம் கற்றுக்கொண்டது என்ன, அந்த அறிவில் எவ்வளவு இங்கே திரும்பி வந்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருத்து வந்த வழி

மீன்பிடியைப் பொருளியல் நோக்கில் அணுகிய முதன்மையான கட்டுரை 1954இல் கனேடியப் பொருளியலாளர் ஸ்கொட் கோர்டன் எழுதியது. எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட கடலில் இலாபம் தெரியும் வரை புதிய படகுகள் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் எவருக்கும் மிச்சம் இராது என்பது அவர் வாதம். 1968இல் காரெட் ஹார்டின் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய பொதுநிலத்தின் அவலம் பற்றிய கட்டுரை அதே வாதத்தை உலகெங்கும் கொண்டுபோனது. ஒன்று அரசின் கட்டுப்பாடு, அல்லது தனியார் உடைமை என்பதே அதன்பின் பொதுப்புத்தியானது.

இதை மறுத்தவர்கள் புத்தக அறைகளிலிருந்து மறுக்கவில்லை. கரைகளுக்குப் போய், மீனவர்கள் தங்களுக்குள் ஏற்கெனவே விதிகள் வைத்திருப்பதைப் பதிவுசெய்தார்கள். 1989இல் நோர்வேயின் ஸ்வேன் யென்டொஃப்ட் 'மரைன் பொலிசி' சஞ்சிகையில் அரசின் முகாமைத்துவப் பொறுப்புகளை மீனவர் அமைப்புகளிடம் கையளிப்பது பற்றி எழுதினார். அதே ஆண்டு கனடாவில் எவலின் பிங்கர்டன் தொகுத்த நூலும் வந்தது. 1990இல் எலினோர் ஒஸ்ட்ரம் எழுதிய 'கவர்னிங் த கொமன்ஸ்' வெளியானது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

1996இல் சென், நீல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கூட்டு முகாமைத்துவத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அரசு கட்டளையிட்டுத் தகவல் மட்டும் சொல்வது முதற்படி. கருத்துக் கேட்டுவிட்டு அரசே தீர்மானிப்பது அடுத்தது. சமமாக இருந்து தீர்மானிப்பது நடுப்படி. மீனவர் தீர்மானித்து அரசு ஒப்புதல் தருவது நான்காவது. மீனவரே தீர்மானித்து அரசுக்கு அறிவிப்பது கடைசி. நமது நாட்டில் "கடற்றொழிலாளர்களுடன் கலந்துரையாடினோம்" என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் இந்த ஏணியில் அது எத்தனையாவது படி என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் இரண்டைத் தாண்டாது.

மாவெல்ல: முறை இருந்தது, கதவு இல்லை

ஒஸ்ட்ரமின் நூலில் வெற்றிக் கதைகளைவிட அதிகம் கற்றுத்தருவது தோல்விகளைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயம். அதில் இலங்கையின் மாவெல்ல வருகிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் தங்காலைக்கு அருகிலுள்ள கரைவலைக் கிராமம் அது. ஒஸ்ட்ரம் அங்கே போய் ஆய்வு செய்தவரல்ல. 1970களில் அக்கிராமத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் எழுதியவற்றை வைத்தே அவர் தன் பகுப்பாய்வைச் செய்தார். அலெக்சாண்டரின் நூல் 1982இல் வெளிவந்தது.

கரைவலை இழுக்க வசதியான இடம் ஒரு கிராமத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வலை போட முடியாது. ஆகவே மாவெல்லயில் முறை வைத்தார்கள். நல்ல நேரமும் நல்ல இடமும் ஒருவருக்கே போய்விடாமல் வலைகள் சுழற்சியில் மாறி மாறி இறங்கின. யாருடைய முறை எப்போது என்பது ஊருக்கே தெரியும்; ஏமாற்ற வழியில்லை. வடக்கிலும் கிழக்கிலும் சம்மாட்டிமார் கரைவலை இழுக்கும் கரைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பிறகு ஏன் தோல்வி? முறை நியாயமாக இருந்தது. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு நிலைக்கவில்லை. மீன் விலை ஏறியது, வெளிச்சந்தை கிட்ட வந்தது. புதிதாக வலை வாங்குபவர் எவரும் சுழற்சியில் ஓர் இடம் பெறலாம் என்ற நிலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை வலை இழுக்கலாம் என்றால், இருபது வலை இருக்கும்போது ஒருவருக்குப் பத்து நாளுக்கு ஒரு முறை வரும். நூறு வலையானால் ஐம்பது நாள் காத்திருக்க வேண்டும். கடலில் மீன் கூடவில்லை. வலைக்குப் போட்ட பணம் மட்டும் ஐந்து மடங்கு. 1971 அளவில் மாவெல்லயில் நூறுக்கும் மேற்பட்ட வலைகள் இருந்தன.

வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டவிதி பிரித்தானியர் காலத்திலிருந்தே இருந்தது என்பதுதான் வேதனை. அதை அமுல்படுத்துமாறு ஊரார் கேட்டபோது அரசியல் செல்வாக்குள்ளவர்கள் குறுக்கே நின்றார்கள், பொலிஸ் ஒதுங்கிக்கொண்டது. மாவெல்ல மக்களுக்குத் திட்டமிடத் தெரியாமலில்லை, ஒருவரையொருவர் கண்காணிக்கவும் தெரியும். ஊரின் விதியை வெளி அதிகாரம் ஏற்று ஆதரிக்க மறுத்ததே அவர்களைத் தோற்கடித்தது என்பதே ஒஸ்ட்ரமின் முடிவு. நீடித்து நிற்கும் நிறுவனங்களுக்கு அவர் வகுத்த எட்டுக் கோட்பாடுகளில் ஒன்று, மக்கள் தாமாக ஒழுங்கமைந்து விதி வகுக்கும் உரிமையை அரசு மறுக்கக்கூடாது என்பது. அதற்கு மாவெல்ல ஓர் எதிர்மறைச் சான்றாகப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

நீர்கொழும்பு: கதவு இருந்தது, எல்லோருக்கும் அல்ல

கொழும்பிலிருந்து ஒரு மணித்தியால பஸ் பயணத்தில் இதற்கு நேரெதிரான ஒன்றைப் பார்க்கலாம். நீர்கொழும்புக் களப்பு கடலோடு சேரும் ஒடுங்கிய வாய்க்காலில், இரவில் வற்றுநீர் கடலை நோக்கி ஓடும்போது கம்புகளை நட்டு அவற்றுக்கிடையே பை போன்ற வலைகளைக் கட்டுகிறார்கள். களப்பில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும் பாதை அது. சிங்களத்தில் இதைக் 'கட்டுதெல்' என்பார்கள். அச்சொல்லின் முதற்பாதி தமிழ்க் காதுக்குத் தானாகவே விளங்கும்.

வலை கட்டக்கூடிய இடங்கள் சிலவே. எல்லா இடமும் ஒரே அளவு இறால் தருவதுமில்லை. டூவ, பிட்டிபனை போன்ற கரையோர ஊர்களின் சங்கங்கள் இந்த உரிமையைத் தங்களுக்குள் பிரித்து, இன்ன இரவில் இன்ன இடம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கின்றன. அதிர்ஷ்டம் ஒருவரிடமே தங்கிவிடாது. இந்த ஊர்மரபை அரசு புறக்கணிக்கவில்லை. 1958இல் கட்டுதெல் மீன்பிடிக்கென்றே தனி ஒழுங்குவிதிகளை ஆக்கி அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. மாவெல்லக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

1987இல் அத்தபத்து எழுதிய ஆய்வும், 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தின் உபாலி அமரசிங்கவும் சகாக்களும் எழுதிய கட்டுரையும் இம்மரபை வெளியுலகுக்குக் கொண்டுபோயின. 250 ஆண்டுகளுக்கு மேலாக இது எப்படித் தப்பிப் பிழைத்தது, இன்னும் நூறு ஆண்டு தாங்குமா என்று தலைப்பிலேயே கேட்ட ஆய்வொன்றும் உண்டு.

ஆனால் நீர்கொழும்பை வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது பாதியைப் படிப்பது. சங்கத்தில் சேர ஊர், பரம்பரை, மதம், ஆண் என்ற நிபந்தனைகள் உண்டு. அதே களப்பில் வேறு வலைகளால் இறால் பிடிக்கும் ஏராளமானோருக்கு இந்த வாசல் திறப்பதில்லை. வரம்பு வைப்பதால்தான் வளம் காக்கப்படுகிறது. அதே வரம்பு சிலரை வெளியே நிறுத்துகிறது. மாவெல்லயையும் நீர்கொழும்பையும் அருகருகே வைத்தால் எழும் சங்கடமான கேள்வி இது. இந்தத் துறையின் ஆய்வாளர்களிடம் இன்றும் இதற்கு ஒரே பதில் இல்லை. வரம்பை யார் வைக்கிறார்கள், அதைக் கேள்விகேட்க எவருக்கு உரிமை என்பதிலேயே பதில் தங்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இடையில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை வளைக்கும் இடத்தைப் 'பாடு' என்பார்கள். பழவேற்காட்டிலும் கேரளத்து உப்பங்கழிகளிலும் முறைவைத்து மீன்பிடிக்கும் ஒழுங்குக்கு அதே பெயர். 2004இல் லோபும் பேர்க்கஸும் 'மரைன் பொலிசி'யில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'பாடு' ஆங்கில ஆய்வுலகின் கலைச்சொல்லாகிவிட்டது. நமது சொல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அது பற்றிய கட்டுரையை முல்லைத்தீவில் வலை இழுப்பவர் தமிழில் வாசிக்க முடியுமா என்பது வேறு விடயம்.

இராமேஸ்வரத்து நாட்காட்டி

மூன்றாவது களம் நம்மவர்களுக்கு மிக நெருக்கமானது. போர் 2009இல் முடிந்து, தடைகளும் பாஸ் நடைமுறையும் படிப்படியாகத் தளர்ந்து, வடக்கின் கடற்றொழிலாளர்கள் கடலுக்குத் திரும்பியபோது அங்கே தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள், நமது பேச்சுவழக்கில் றோலர்கள், நின்றன. அவை அடித்தளத்தைச் சுரண்டியதோடு, வடக்கின் சிறு படகுகள் விரித்துவைத்த வலைகளையும் அறுத்துக்கொண்டு போயின. ஒரு இரவில் வலை முழுவதையும் இழந்தவருக்கு அடுத்த வலை கடனில்தான் வரும்.

இந்தச் சிக்கலைப் பற்றிய ஆய்வுகளில் நான் அதிகம் யோசித்த தகவல் ஒன்று உண்டு. பாக்குநீரிணையின் இந்தியக் கரையில் இழுவைப் படகுகளுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் இடையே 1970களிலேயே கடும் மோதல்கள் நடந்தன. அவற்றின் பின் ஓர் ஏற்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் இழுவைப் படகுகள் தொழிலுக்குப் போகும்; மீதி நான்கு நாள் நாட்டுப் படகுகளுக்கு. திங்கள், புதன், சனி என்பது றோலர்களின் நாட்கள். அரசும் மீனவரும் சேர்ந்து மோதலைத் தணித்த உதாரணமாக ஆய்வாளர்கள் இதைக் காட்டுவதுண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க் சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளையும் அரசையும் பற்றி எழுதிய ஆய்வுகள் இத்துறையில் மிக அறியப்பட்டவை.

இப்போது அதே நாட்காட்டியை யாழ்ப்பாணக் கரையிலிருந்து பாருங்கள். றோலர்கள் வரும் அந்த மூன்று இரவுகளிலும் வலையைக் காப்பாற்றிக்கொள்ள வடக்கின் தொழிலாளர்கள் கரையிலேயே நின்றார்கள். இராமேஸ்வரத்தில் இரு தரப்புகள் தமக்குள் செய்துகொண்ட சமாதானம், அந்த மேசையில் இடமில்லாத மூன்றாம் தரப்பின் வாரத்தைத் தீர்மானித்தது. கூட்டு முகாமைத்துவம் பற்றிய நூல்கள் 'வளத்தைப் பயன்படுத்துவோர் யார்' என்ற கேள்வியை முதலில் கேட்கச் சொல்வதன் அர்த்தம் இங்கே புரியும்.

2010களின் முற்பகுதியில் நெதர்லாந்து நிதியுதவியுடன் இருகரைகளிலும் நடந்த ஓர் ஆய்வுத்திட்டம் பல கட்டுரைகளைத் தந்தது. அதில் பணியாற்றிய யூரி ஸ்கொல்டன்ஸ் 2016இல் எழுதிய கட்டுரையின் கேள்வி நேரடியானது: இவ்வளவு பாதிக்கப்பட்டும் வடக்கின் கடற்றொழிலாளர்களால் ஏன் கூட்டாக வெல்ல முடியவில்லை? இங்கே அமைப்புகளுக்குக் குறைவில்லை. கிராமத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், அதற்கு மேல் சமாசம், மாவட்டத்தில் சம்மேளனம் என்று படிப்படியான கட்டமைப்பு உண்டு. ஆயினும் போருக்குப் பிந்திய இராணுவச் சூழல், கூட்டுறவுகளுக்குப் பக்கத்தில் அரசு உருவாக்கிய கிராமிய கடற்றொழில் அமைப்புகள், கொழும்பு–டில்லி உறவின் கணக்குகள், தமிழகத்தைப் பகைக்கத் தயங்கிய தமிழ் அரசியல் ஆகிய எல்லாமாகச் சேர்ந்து அவர்களின் குரலைச் சிதறடித்தன. இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிப் பேச நமது பத்திரிகைகளும் நெடுநாள் தயங்கின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2010 ஓகஸ்டில் சென்னையில் இருநாட்டு மீனவப் பிரதிநிதிகள் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடித் தொழிலைக் கைவிடுவது, அதுவரை நாட்களுக்கும் கரையிலிருந்தான தூரத்துக்கும் கட்டுப்பாடு என்பது அதன் சாரம். சொந்தக் கடலில் மற்றவருக்குத் தற்காலிக இடம் கொடுத்தது வடக்கின் தரப்பு; அது சிறிய விட்டுக்கொடுப்பல்ல. இரு அரசுகளும் அதற்குச் சட்ட வலுக் கொடுக்கவில்லை. றோலர்கள் நிற்கவுமில்லை. மாவெல்லயில் பொலிஸ் ஒதுங்கிய கதை, எல்லைக்கோடு தாண்டிப் பெரிதாகத் திரும்ப நடந்தது என்று சொல்லலாம்.

தாக்கம் என்பது எது?

ஓர் ஆய்வின் தாக்கத்தை அறிவுலகம் மேற்கோள்களால் அளக்கிறது. அந்த அளவுகோலில் ஒஸ்ட்ரமின் நூல் பல்லாயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டது. அவர் வழியாக மாவெல்ல என்ற பெயர், அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத மாணவர்களின் நினைவிலும் பதிந்துவிட்டது. 2011இல் 'நேச்சர்' சஞ்சிகையில் குட்டியரெஸ், ஹில்போர்ன், டெஃபியோ ஆகியோர் 44 நாடுகளின் 130 கூட்டு முகாமைத்துவ மீன்பிடிகளை ஒப்பிட்டு, வெற்றியோடு மிகத் தொடர்புடையது சமூகத்துக்குள்ளிருந்து எழும் தலைமை என்று கண்டார்கள். தெளிவான பங்கீடு, சமூகப் பிணைப்பு, பாதுகாக்கப்பட்ட பகுதிகள் அடுத்தடுத்து வந்தன. நூற்றுக்கணக்கான தனிக்கதைகள் ஒரு பொது முடிவாகத் திரண்டது இத்துறைக்குப் பெரிய பலம்.

இன்னொரு அளவுகோல், கரையில் விதி மாறியதா என்பது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் மற்றும் நீர்வாழ் வளச் சட்டம் மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்யவும், அங்குள்ள தொழிலாளர்கள் குழு அமைக்கவும் இடம் தருகிறது. அது கூட்டு முகாமைத்துவ ஆய்வுகள் உச்சத்திலிருந்த காலம். சட்டத்தில் அந்தக் காற்று வீசியதை உணரலாம். ஆனால் ஒழுங்குவிதி ஆக்கும் அதிகாரம் அமைச்சரிடமே நின்றது. குழு கூடலாம், பரிந்துரைக்கலாம். உள்நாட்டு நீர்த்தேக்கங்களைப் பொறுத்தவரை உபாலி அமரசிங்கவும் சேன டி சில்வாவும் 1999இலேயே கூட்டு முகாமைத்துவத்தை அறிமுகப்படுத்தும்படி எழுதினார்கள். குளத்து மீனவர் சங்கங்கள் அங்கே ஓரளவு நன்றாக இயங்குகின்றன. குளத்துக்குக் கரை உண்டு, வெளியாள் இலகுவில் நுழைய முடியாது.

பாக்குநீரிணையில் நடந்த மாற்றம் 2017 யூலையில் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரனின் தனிநபர் சட்டமூலமாகத் தொடங்கிய முயற்சி, 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான திருத்தமாக நிறைவேறி, இழுவைமடியை இலங்கைக் கடலில் முற்றாகத் தடைசெய்தது. வடக்கின் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டது அது. குருநகர் போன்ற இடங்களில் இழுவைமடித் தொழில் செய்த நம்மவர்களையும் அந்தத் தடை தொட்டது. இந்தியா அதே ஆண்டு, மூன்று ஆண்டுகளில் பாக்குநீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த இலக்கின் அருகிலும் அது போகவில்லை. கடனில் வாங்கிய படகை ஒப்படைத்துவிட்டு, பழக்கமில்லாத ஆழ்கடலுக்கு, கூடிய செலவில் போவது இராமேஸ்வரத்துத் தொழிலாளிக்கும் இலகுவல்ல.

இந்த மாற்றங்களில் ஆய்வின் பங்கு எவ்வளவு, போராட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆய்வாளர்கள் சிலர் இருகரை மீனவர் சந்திப்புகளோடு தொடர்பில் இருந்தார்கள். இழுவைமடியின் சேதத்தைப் பற்றிப் பேச அவர்களின் எழுத்து சங்கத் தலைவர்களுக்குச் சொற்களைக் கொடுத்தது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், பல கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டிய சஞ்சிகைகளில் இருக்கின்றன. பேட்டி கொடுத்த தொழிலாளிக்கு முடிவு என்னவென்று தமிழிலோ சிங்களத்திலோ இரண்டு பக்கச் சுருக்கமாவது கொடுக்கும் வழக்கம் நமது பல்கலைக்கழகங்களில் நிலைபெறவில்லை. உணவு விவசாய அமைப்பு 2014இல் ஏற்றுக்கொண்ட சிறு அளவிலான மீன்பிடிக்கான தன்னார்வ வழிகாட்டல்கள், தீர்மானங்களில் மீனவர் பங்குகொள்ள அவர்களுக்குத் தகவல் கிட்ட வேண்டும் என்கின்றன. இலங்கைச் சமாசமொன்றின் செயலாளர் மாவெல்லயின் கதையைத் தன் மொழியில் படித்திருந்தால், அடுத்த கரைவலை அனுமதிப்பத்திரம் பற்றிய கூட்டத்தில் அவர் கேட்கும் முதல் கேள்வி மீன் எவ்வளவு என்பதாக இராது. ஏற்கெனவே எத்தனை வலை இருக்கிறது, இன்னும் எத்தனைக்கு அனுமதி கொடுக்கப்போகிறீர்கள், அதைத் தீர்மானிப்பது யார் என்பதாக இருக்கும்.

கொக்கிளாய், நாயாறு கரைகளில் யாருக்குப் பாடு என்ற தகராறு இன்னமும் ஓயவில்லை. தெற்கிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடுவோருக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் இடையிலான அந்தப் பிணக்கு, இன முரண்பாடாகவே செய்திகளில் வருகிறது. அது அப்படியும்தான். கூடவே அது, வரம்பை யார் வைப்பது என்ற மாவெல்லயின் பழைய கேள்வியும்கூட. அக்கரைகளில் எந்தப் பாட்டை எவர் எப்போதிலிருந்து வளைத்தார், போரில் இடம்பெயர்ந்தபோது அந்த உரிமை எங்கே போனது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உண்டு.